பூனைக்குப் பூசிய எண்ணெய்

சென்ற வாரம், நான் முன்பு உதவியாளராக வேலை செய்த மிருக வைத்திய நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, ஒரு பூனை வந்திருக்குது. வாயாலை வீணி வழியுது, பின்னங்கால் ரெண்டும் தள்ளாடுது. வீட்டுக்காரர் போனிலை வீடியோ பாத்திட்டு டீ ட்ரீ ஒயில் பூசினவையாம். அது தேயிலை எண்ணெய்தானே அக்கா? அதாலை இப்பிடி வருமோ?"

என் அப்பா பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், பிறகுதான் கிளிநொச்சிக்குக் குடிவந்தார். தேயிலையில் எண்ணெய் எடுத்து யாரும் எதற்கும் பூசியதாக அவர் சொன்னதில்லை. அது வேறு நாட்டு மரம், வேறு எண்ணெய், பூனைக்கு நஞ்சு. இதையெல்லாம் விளக்க அப்போது நேரமில்லை. "முதலிலை கழுவும், பிறகு கதைப்பம்" என்றேன். டொக்டர் ஒரு மாட்டைப் பார்க்கப் பரந்தன் ஊர்ப் பக்கம் போயிருந்தார். அவர் வரும்வரை நான் தொலைபேசியிலேயே நின்றேன். பூனை பிழைத்துவிட்டது. பிறகு அந்தப் பிள்ளை, "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதித் தாங்கோ அக்கா" என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்றவள். வயது முப்பத்தைந்து. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். பூனை மயிரும் நாய் மயிரும் வருடக்கணக்காக நெஞ்சுக்குள் போய் இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், வேலையை விடு, இல்லாவிட்டால் மூச்சுக்கு மருந்து இழுக்கும் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டே திரி என்றார்கள். வேலையை விட்டேன். இப்போது கிளிநொச்சியில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கவும் தெரியாது. அப்பா பிறருடைய வயலில் கூலிக்கு நெல் வெட்டினார். என் உயர்தரச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கும்பிடும்போது அதற்கும் சேர்த்துக் கும்பிடட்டும் என்பது அப்பாவின் எண்ணம். எனக்கு அதில் வெட்கமில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாயின் வாயைத் துணியால் கட்டவும், ஆட்டுக்குட்டிக்கு வெப்பநிலை பார்க்கவும், ஊசி நிரப்பவும் பழகினேன். பலமுறை கடி வாங்கினேன். மற்றதெல்லாம் டொக்டர் சுபத்திராவோடு வேலை செய்யும்போது வந்தவை. அவர் என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் இன்னும் குறைவாகப் பேசுவார்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது முகத்துக்குப் பவுடர், தலைக்கு எண்ணெய், கொண்டையில் மல்லிகை என்று போனேன். டொக்டர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"நல்ல வடிவாய்த்தான் வந்திருக்கிறீர். ஆனா பூவைக் கழட்டி வெளியிலை வையும். முகத்தையும் கழுவிப்போட்டு வாரும்."

"ஏன் டொக்டர்?"

"மூக்கு வேணும்."

அன்று விளங்கவில்லை. ஒரு கிழமை போன பிறகு விளங்கியது. எந்த மிருகம் மேசைக்கு வந்தாலும் அவர் முதலில் குனிந்து மோந்து பார்ப்பார். பிடரியில், முதுகில், காதுக்குப் பின்னால், பாதங்களுக்கு இடையில். வேப்பெண்ணெய் என்றால் ஒரு கசப்பு மணம். இலுப்பெண்ணெய் கனத்த மணம். கற்பூரம் மூக்கின் உச்சிக்கு ஏறும். கராம்பு எண்ணெய் பல்வலியை நினைவுபடுத்தும். கராஜில் இருந்து கொண்டுவந்த கழிவு ஒயிலுக்கு மோப்பமே தேவையில்லை, வாசலிலேயே தெரியும். மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் மேல் வாசம் இருந்தால் இதெல்லாம் குழம்பிவிடும். அதனால் நாங்கள் எல்லோரும் வாசமில்லாத சவர்க்காரம்தான் பாவித்தோம். அந்தப் பழக்கம் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. கல்யாண வீடுகளுக்குக்கூட நான் பவுடர் பூசிப் போவதில்லை.

மோந்த பிறகுதான் கேள்வி. "ஏதாவது மருந்து போட்டனீங்களோ?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "என்ன பூசினனீங்கள்? என்ன பருக்கினனீங்கள்?" என்றுதான் கேட்பார். ஏதோ ஒன்று பூசப்பட்டிருக்கிறது என்று முடிவெடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வி. அதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் தருவது, கடையில் பெட்டியோடு வாங்குவது. எண்ணெயையும் இலையையும் எங்கள் சனம் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. போரில் கடைகளில் மருந்தே இல்லாத காலத்தைத் தாண்டி வந்த ஊர் இது. அப்போது கைகொடுத்தது இலையும் வேரும் எண்ணெயும்தான். அதை யாரும் குறைத்துப் பேசுவதை டொக்டர் விடமாட்டார். ஒருமுறை நான், "இந்தச் சனத்துக்கு எத்தினை தரம் சொன்னாலும்" என்று தொடங்கினேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இந்தச் சனம் எண்டால் ஆர்?" என்று கேட்டார். பிறகு நான் அப்படித் தொடங்கவில்லை.

எவ்வளவு பிந்தி வந்தாலும், "நல்லது, நேரத்தோட கொண்டந்தீங்கள்" என்பார். சாகக் கிடக்கிற மிருகத்துக்கும் அதே வார்த்தைதான்.

"இது நேரத்தோடையா டொக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்தமுறை இல்லை. அடுத்தமுறை நேரத்தோட வருவினம்."

நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அன்பால் வந்த கேடுகள். பூச்சிக்கென்று நாய்க்குட்டிக்கு ஒரு கிழமையாக உள்ளிச் சாறு, அதாவது வெள்ளைப்பூண்டுச் சாறு, பருக்கிய ஒரு வீட்டுக்காரர் வந்தார். குட்டியின் பல் முரசு வெள்ளைக் கடதாசி போல வெளிறிக் கிடந்தது. உள்ளி நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். அவருக்கு அது தெரியாது. தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நம்பித்தான் கொடுத்திருந்தார். அந்தக் குட்டி தேறியது. அவர் பிறகு தன் தெருவில் யார் நாய் வளர்த்தாலும் உள்ளியைப் பற்றிப் பிரசங்கம் வைப்பாராம்.

பூனையின் கதை வேறு. நாய் தாங்குவதைப் பூனை தாங்காது. மனிதரின் ஈரல் உடைத்து வெளியே அனுப்பும் பல எண்ணெய்ச் சரக்கைப் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. அது உடம்பிலேயே தங்கிவிடும். வெளிநாடுகளில் கீரியைப் போல ஒரு பிராணியை, பெரட் என்பார்கள், மடியில் வைத்து வளர்க்கிறார்களாம். அதற்கும் இதே கதிதான் என்று டொக்டர் சொல்லுவார். அதற்குமேல் பூனைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தன் உடம்பை நாள் முழுக்க நக்கித் துடைக்கும். அதனால் பூனைக்குப் பூசுவதும் பருக்குவதும் ஒன்றுதான்.

இதை நான் நன்றாக விளங்கிக்கொண்டது இராசமலர் அக்காவின் எண்ணெயால்.

இராசமலர் அக்கா எங்கள் குடியேற்றத்துக்கு அடுத்த வாய்க்கால் கரையில் இருக்கிறவர். அங்கே பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நுளம்பு கடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய் காய்ச்சினார். தேங்காய் எண்ணெயில் நொச்சியிலை போட்டுக் காய்ச்சி வடித்து, ஆறியபின் யூக்கலிப்டஸ் எண்ணெயும் கராம்பு எண்ணெயும் கற்பூரமும் கலப்பார். நல்ல எண்ணெய். இரணைமடுக் குளத்தில் மீனுக்கு வலை போடுகிறவர்கள் அதை முழங்கால்வரை பூசிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். பிறகு யாரோ அதை நாயின் உண்ணிக்குப் பூச, உண்ணி விழுந்தது. மாட்டுக்குப் பூச, ஈ இலையான் அண்டவில்லை. அந்தத் துணிவில் போத்திலின் தாளில் "மனிதருக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும், பக்கவிளைவு அற்றது" என்று அச்சடித்தார். வவுனியாவில் வளர்ப்புப் பிராணிகளுக்குச் சாமான் விற்கும் ஒரு கடை, மாதாமாதம் எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தது. அந்த ஓடர் கிடைத்தால் அந்தப் பெண்கள் வெயிலில் களை பிடுங்கப் போகத் தேவையில்லை. அந்த ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாம் அதை எதிர்பார்த்திருந்தன.

எங்களிடம் முதலில் வந்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பூனை. உடம்பு குளிர்ந்து, வலிப்பு விட்டுவிட்டு வந்து கிடந்தது. டொக்டர் மோந்துவிட்டு, "கற்பூரம், கராம்பு" என்றார். தாய் ஒன்றும் பூசவில்லை என்றார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெள்ளுப் பூச்சிக்கு ஒரு தைலம், அவ்வளவுதான்" என்றார். பூனை எங்கள் கையிலேயே செத்தது. அந்தப் பிள்ளை அழவில்லை. பூனையின் கழுத்தில் இருந்த மணியைக் கழற்றித் தரும்படி மட்டும் கேட்டாள்.

சில நாட்களில் இரண்டாவது வந்தது. ஏ9 வீதியோரமாக நெல் வாங்கி விற்கும் செல்வம் அண்ணையின் பூனை. நெல் மூட்டைகளில் எலி விழாமல் காவல் நிற்கிறது. பகலில் அவரின் மேசையில் ஏறிப் படுத்திருக்கும் என்பதால் எல்லோரும் அதை மனேச்சர் என்பார்கள். அண்ணை சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார்.

"டொக்டர், மனேச்சருக்கு வருத்தம்."

"என்ன பூசினனீங்கள்?"

அண்ணை காற்சட்டைப் பையிலிருந்து போத்திலை எடுத்து மேசையில் வைத்தார். "இதுதான். முதுகிலை நல்லாத் தேய்ச்சனான். நான்தானே சம்பளம் குடுக்கிறது, நான்தான் வைத்தியமும் பாக்கோணும்."

அந்த ஒரு போத்தில் எங்களுக்கு எவ்வளவோ நேரத்தை மிச்சம் பிடித்தது.

செய்முறையை இங்கே சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் கவனியுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் திரும்பி வரும்போது மூச்சுப்பைக்குள் போனால் கதை முடிந்தது. பால் பருக்கக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில், கோப்பை கழுவும் திரவத்தைக் கொஞ்சமாக விட்டு, மயிரின் அடிவரை விரலை விட்டுக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் எண்ணெயை எடுக்காது. சுடுதண்ணீர் தோலை விரித்து எண்ணெயை இன்னும் உள்ளே விடும். கழுவி, மோந்து, மணம் இருந்தால் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு உடனே துவட்டிச் சூடாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நஞ்சு முதலில் உடம்புச் சூட்டைத்தான் இறக்கும். கழுத்துக்குக் கூம்புப் பட்டி, நக்காமல் இருக்க. மற்றதெல்லாம் டொக்டரின் வேலை. வலிப்புக்கு ஊசி, நாளத்தில் சேலைன்.

மனேச்சரை நான் கழுவினேன். அது கடிக்கக்கூடப் பலமில்லாமல் என் முழங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. செல்வம் அண்ணை கதிரையில் இருக்காமல் நின்றபடியே, "பிள்ளை, இது செத்தால் எலியெல்லாம் பட்டாசு கொளுத்தும்" என்றார். பகிடி விட்டாரே தவிரக் குரல் சரியில்லை. அடுத்த நாள் மத்தியானம் மனேச்சர் என் கையைக் கீறியது. அது தேறியதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

டொக்டர் போத்திலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது இராசமலர் அக்காவின் எண்ணெய், செத்த பூனையில் அடித்த அதே மணம்.

"மேலிடத்துக்கு அறிவிக்கலாம். அறிவிச்சால் போய் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வருவினம். மீன்பிடிக்கிற சனத்துக்கு உதவுற எண்ணெயும் போகும், அந்தப் பெண்டுகளின்ர பிழைப்பும் போகும். முதல்லை நீர் போய்க் கதையும். உம்மட ஊர்தானே. ஆளிலை பிழை பிடியாதையும். எண்ணெயிலை பிழை பிடியும்."

நான் போனபோது இராசமலர் அக்கா முற்றத்தில் போத்தில்களுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். குழுவில் உள்ள சாந்தியும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அவர் கை நிற்கவில்லை.

"முடிஞ்சுதோ?" என்றார். "என்ர ஆட்டுக்குப் பூசுறன். நாய்க்குப் பூசுறன். குளத்திலை இறங்கிற அவ்வளவு பேரும் பூசினம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. நெல்லுக்கடைப் பூனைக்கு மட்டும் நடந்ததாம்."

"வேறை ஒரு பூனை செத்துப்போச்சுது அக்கா."

"பூனை சாகாதோ? தோட்டத்திலை இருந்து வந்த ஆக்கள் இப்ப எங்களுக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டினம்."

சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்தான். நான் குனியவில்லை.

"ஓம் அக்கா, வந்துதான் படிச்சனான். படிச்சதைத்தான் சொல்லுறன்."

அவர் எழும்பினார். விறாந்தையில் படுத்திருந்த தன் பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினார். வெள்ளைப் பூனை, வயிற்றில் குட்டி. மற்றக் கையில் போத்திலை எடுத்துப் பல்லால் மூடியைத் திறந்தார். "செல்லிக்கு இப்பவே பூசிக் காட்டுறன். நாளைக்கு வந்து பார், துள்ளித் திரியும்."

நான் யோசிக்கவில்லை. பூனையைப் பறித்தேன். செல்லி என் சட்டையில் நகத்தை இறக்கியது.

"அக்கா, பூசுவம். உங்கட எண்ணெய் வேண்டாம், வெறும் தேங்காய் எண்ணெயிலை மஞ்சளைக் குழைச்சுத் தாங்கோ. அதுக்குப் பிறகும் நான் சொல்லுறது பிழையெண்டால் நான் போறன், திரும்பி வரமாட்டன்."

அவருக்கு என்னைத் தோற்கடிக்க விருப்பம். அதனால் சாந்தியைப் பார்த்துக் குசினிப் பக்கம் தலையை ஆட்டினார். சாந்தி ஒரு சிரட்டையில் குழைத்துக் கொண்டுவந்தாள். நான் செல்லியின் விலாவில் உள்ளங்கை அளவுக்குப் பூசி இறக்கி விட்டேன். வெள்ளை மயிரில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

செல்லி இரண்டு அடி நடந்தது. குந்தியது. கழுத்தை வளைத்து நக்கத் தொடங்கியது. தேத்தண்ணி ஊற்றினார்கள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது, அவர் பகையிலும் மரியாதை தெரிந்தவர். செல்லி ஓயவில்லை. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு வேலையை ஒழுங்காக முடிக்கிறவர்களைப் போல அடி மயிர்வரை நக்கியது. நாங்கள் தேத்தண்ணி குடித்து முடித்தபோது அந்த இடத்தில் இலேசான மஞ்சள் கறை மட்டும்தான் இருந்தது. செல்லி கொட்டாவி விட்டது. நாக்கு மஞ்சளாக இருந்தது.

"அந்த எண்ணெய் இப்ப எங்கை அக்கா?" என்று கேட்டேன்.

சாந்திதான் மெல்லச் சொன்னாள். "வயித்துக்குள்ளை."

"கற்பூரமும் கராம்பும் எண்டாலும் அங்கைதான் போயிருக்கும். குட்டிக்கும் போயிருக்கும்."

இராசமலர் அக்கா செல்லியைத் தூக்கி அதன் வாயை மோந்து பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "செத்த பூனை ஆற்றை?"

ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையினது என்றேன். அவர் தன் தொலைபேசியை எடுத்து வவுனியாக் கடைக்காரரை அழைத்தார். ஒலியை எல்லோருக்கும் கேட்கும்படி கூட்டி வைத்தார்.

"தம்பி, எண்ணெயைப் பூனைக்கு விக்க ஏலாது. ஒத்துக்கொள்ளாதாம்."

கடைக்காரர் பதறவில்லை. "அதுக்கென்ன அக்கா, பூனை எண்டு போடாதேங்கோ. நாய்க்கு மட்டும் எண்டு அடியுங்கோ. நாய் வளர்க்கிற ஆக்கள்தான் கூட."

அது நியாயமான வழி. எனக்கே அது சரியென்று பட்டது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இராசமலர் அக்கா மட்டும் விறாந்தைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய நாய் படுத்திருந்தது. செல்லி அவர் மடியிலிருந்து இறங்கிப் போய் அதன் வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு, அதன் காதை நக்கத் தொடங்கியிருந்தது.

"தம்பி," என்றார், "நாய் நிக்கிற வீட்டிலை பூனையும் நிக்கும். பூனை நாயையும் நக்கும். எடுக்கிறதெண்டால் மனிசருக்கு எண்டு எடுங்கோ."

"என்ர கடையிலை மனிசருக்கு ஒண்டும் விக்கிறேல்லை அக்கா."

"அப்ப சரி, வைக்கிறன்."

சாந்தி எழும்பி, ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, தாள் ஒட்டிய போத்தில்களை அதற்குள் இறக்கினாள். தாள் ஊறியதும் எல்லோரும் இருந்து உரித்தோம். நானும் உரித்தேன். வந்தவள் போய்விடலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

பாதி உரித்தபோது இராசமலர் அக்கா ஒரு பேனையையும் கொப்பித் தாளையும் என் முன்னால் வைத்தார். அவருக்கு எழுதத் தெரியும், ஆனால் எழுத்து அழகாக வராது என்று வெட்கம்.

"புதுத் தாளுக்கு எழுது, பிள்ளை. பக்கவிளைவு அற்றது எண்டு எழுதாதை. அது எனக்குத் தெரியாது."

நான் எழுதினேன்: நுளம்புக்கு, மனிதருக்கு மட்டும். அதன் கீழே, பூனைகளுக்குப் பூச வேண்டாம் என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"அது போதாது," என்றார். "பூச வேண்டாம் எண்டால் பூனைக்குப் பூசமாட்டினம். நாய்க்குப் பூசுவினம், ஆட்டுக்குப் பூசுவினம். பிறகு இது போய் நக்கும். வெட்டு அதை."

வெட்டினேன்.

"பூனை நிக்கிற வீட்டுக்கு இந்த எண்ணெய் ஆகாது எண்டு எழுது. பெரிசாய் எழுது."

"அக்கா, பூனை இல்லாத வீடு இந்தப் பக்கத்திலை எங்கை இருக்கு? ஆர் வாங்குவினம்?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ எழுது."

அவர் சொன்னபடியே எழுதினேன், பெரிதாக.